எந்த ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர்?

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் நின்று ஸ்பீக்கர் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "ஆம்ப் எத்தனை வாட்ஸ் சார்?" என்பதுதான். ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபையர். 50 என்று சொன்னால் 50 வாட்ஸ் ஸ்பீக்கர் வெளியே வரும். 100 என்றால் 100. ஆன்லைனில் வாங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு பொருளின் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு எண் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். இத்தனை பேர் நம்பும் இந்த முறை உருப்படியாக ஒன்றையும் சொல்வதில்லை. வீட்டு ஸ்டீரியோவில் ஆம்பும் ஸ்பீக்கரும் சேருமா சேராதா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு எண்கள். ஒன்று ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது. இன்னொன்று, அதன் இம்பீடன்ஸ் (கரன்டுக்கு அது காட்டும் தடை, ஓம்ஸில் அளப்பது) எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. வாட்ஸ் அதற்கு அப்புறம்தான்.

ஸ்பீக்கரின் முதுகில் 100 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், 100 வாட்ஸ் கொடுத்தால்தான் பாடும் என்று பொருள் இல்லை. அதற்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) சூடேறிக் கருகிவிடும் என்ற எச்சரிக்கை அது. அதே ஸ்பீக்கர் அரை வாட்டிலும் பாடும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப் கொடுப்பதே பெரும்பாலும் 1 வாட்டுக்குள்தான். தவில் அடி மாதிரி திடீரென்று ஏறும் இடங்களில்தான் பத்து, இருபது என்று தாவும். ஆம்பில் எழுதியிருப்பதும் ஒரு வரம்புதான், அது எதுவரை சிதையாமல் கொடுக்கும் என்பதற்கு. ஒன்றின் வரம்பும் இன்னொன்றின் வரம்பும் சமமாக இருப்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சரி, ஆம்பின் மேல் இருக்கும் எண்ணையாவது நம்பலாமா? யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன்களிலும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களிலும் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கும், பலருக்கு நினைவிருக்கலாம். அந்த பிஎம்பிஓவுக்கு (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) அளவுகோல் என்று எதுவும் கிடையாது; விற்பவருக்குத் தோன்றியதுதான் கணக்கு. அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. 1974-ல் அங்கே ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓட, எத்தனை ஓம்ஸில், எந்த அலைவரிசையிலிருந்து எதுவரை, எத்தனை சதவீதச் சிதைவோடு என்று சொல்லித்தான் வாட்ஸை விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. நல்ல கம்பெனிகளின் கையேட்டில் இன்றும் அந்த நீளமான வரி இருக்கும். வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நம்பலாம் என்பது என் கணக்கு. ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் பெரிதாக '150 வாட்ஸ்' போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் '6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல் மட்டும்' என்று இருந்தால், 8 ஓம்ஸில் இரண்டு சேனலும் சுத்தமாக ஓடும்போது அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

லோக்கலில் அசெம்பிள் செய்த செட்டுக்குக் கையேடே இருக்காது. அதற்கும் வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மூடியைக் கழற்றினால் டிரான்ஸ்ஃபார்மரில் 12-0-12 என்று எழுதியிருக்கும். அந்த 12 வோல்ட்டை டிசி ஆக்கினால் பிளஸ் 16, மைனஸ் 16 வோல்ட் என்று வரும். 16-ஐ 16-ஆல் பெருக்கி, 8 ஓம்ஸின் இரு மடங்கான 16-ஆல் வகுத்தால் 16 வாட்ஸ். உள்ளே இருப்பது எஸ்டிகே ஐசியோ டூஎன்3055 டிரான்சிஸ்டரோ, அது ஓரிரு வோல்ட்டைத் தின்றுவிடும். கையில் மிஞ்சுவது சேனலுக்கு 12, 13 வாட்ஸ். முன்பக்க ஸ்டிக்கர் 200 என்று சொல்லலாம், டிரான்ஸ்ஃபார்மர் பொய் சொல்லாது.

இப்போது ஆன்லைனில் கிடைக்கும் உள்ளங்கை அளவு கிளாஸ் டி (சூடு குறைவாக, சின்னதாகச் செய்ய முடிகிற வகை) ஆம்புக்கும் இதே வைத்தியம்தான். '100+100 வாட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். கூட வரும் அடாப்டரைப் புரட்டினால் 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 108. உள்ளே போவதே 108 வாட்ஸ் என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? ஆனால் இதைச் சொல்லி அந்த ஆம்பை ஒதுக்கவும் தேவையில்லை. 24 வோல்ட்டில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 30 வாட்ஸ் சுத்தமாக வரும். அந்த 30 வாட்ஸ் போதுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் ஸ்பீக்கரிடம் இருக்கிறது.

டெசிபெல் கணக்கு

சென்சிட்டிவிட்டி என்பது, ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84-லிருந்து 90 டெசிபெல்லுக்குள் இருக்கும். பார்க்க ஆறு எண் வித்தியாசம்தான். ஆனால் டெசிபெல் கணக்கில் 3 ஏற வேண்டுமென்றால் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும். 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் கொடுத்துவிடும். 50 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட்ஸ் ஆம்ப் வாங்கி வந்து போட்டவர் 'அப்படியொன்றும் வித்தியாசம் தெரியலையே' என்று விழிப்பதும் இதனால்தான். அவருக்குக் கிடைத்தது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது வாட்ஸில் பத்து மடங்கு.

மேலே சொன்ன 30 வாட்ஸ் ஆம்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 86 டெசிபெல். 30 வாட்ஸ் என்பது 1 வாட்டைவிடச் சுமார் 15 டெசிபெல் அதிகம், ஆக 1 மீட்டரில் 101. நாம் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி. அதற்கு 8 டெசிபெல் கழித்தால் 93. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூட்டினால் 96. சுவர்கள் திருப்பி அனுப்புவது இன்னும் கொஞ்சம் சேரும், அதை விட்டுவிடுவோம். பாட்டின் சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் 15 டெசிபெல் இடைவெளி வைத்தால், சராசரியாக 81 டெசிபெல்லில் உச்சம் எதுவும் சிதையாமல் கேட்கலாம். 81 என்பது பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்ல வந்து காலிங் பெல் அடிக்கிற அளவுக்கான சத்தம். ஆக, படுக்கையறைக்கும் சின்ன ஹாலுக்கும் 30 வாட்ஸ் தாராளம். ஹால் பெரிது, ஐந்து மீட்டர் தள்ளி சோஃபா, கூடவே சத்தமாகக் கேட்கும் பழக்கமும் இருக்கிறது என்றால் அப்போது 100 வாட்ஸ் தேடலாம், இல்லை 90 டெசிபெல்லுக்கு மேல் உள்ள ஸ்பீக்கர் தேடலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் மலிவு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது இழுப்பது 1 வாட் இல்லை, 2 வாட். அதனால் '88 டெசிபெல், 2.83 வோல்ட், 4 ஓம்ஸ்' என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் அது 85 டெசிபெல் ஸ்பீக்கர்தான். சத்தம் கூடுதலாக வருவதுபோல் தெரிவது ஆம்பிடம் கூடுதலாகக் கரன்ட் வாங்குவதால். ஏமாற்று என்று சொல்ல முடியாது, அளவைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவர்தான் ஓம்ஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஸ்பீக்கருக்குப் பசி வந்த கதை

எழுபது, எண்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் பிரச்சினையே கிடையாது. 1946-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற ஊரில் பால் கிளிப்ஷ் என்பவர் கிளிப்ஷார்ன் என்ற ஸ்பீக்கரை விற்க ஆரம்பித்தார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹாலின் மூலையில் ஒட்டி வைக்க வேண்டும், அந்த மூலைச் சுவர்களே அதன் ஹாரனின் (சத்தத்தைக் கூட்டும் புனலின்) நீட்சி ஆகிவிடும். சென்சிட்டிவிட்டி 104 டெசிபெல் பக்கம். அன்றைய வால்வ் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்புகள் கொடுத்தது பத்து, பதினைந்து வாட்ஸ்தான், அதுவே இதற்கு ஏகப்பட்டது. 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் இதற்கும் 20 டெசிபெல் வித்தியாசம், அதாவது வாட்ஸில் நூறு மடங்கு. கிளிப்ஷார்ன் 1 வாட்டில் செய்வதை அந்தச் சின்ன ஸ்பீக்கர் 100 வாட்ஸில் செய்யும்.

1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவரும் ஹென்றி கிளாஸும் மாசசூசெட்ஸில் அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கி ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். முழுக்க அடைத்த, அலமாரியில் வைக்கும் அளவுப் பெட்டி. உள்ளே சிக்கிய காற்றே வூஃபருக்கு (பேஸ் பாடும் பெரிய கோன்) ஸ்பிரிங். அந்த அளவுப் பெட்டியில் அப்படியொரு பேஸை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி. ஹென்றி கிளாஸோடு சேர்ந்து பின்னால் கேஎல்எச் கம்பெனியைத் தொடங்கிய ஆன்டன் ஹாஃப்மன் இதை ஒரு விதியாகவே சொல்லிவைத்தார்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இன்றுவரை எந்தக் கம்பெனியும் இதை மீறவில்லை. சின்னப் பெட்டியில் பூமி அதிரும் பேஸ், அதுவும் 92 டெசிபெல் என்று ஒரு விளம்பரம் சொன்னால், மூன்றில் ஒன்று பொய்.

வீடு சுருங்கச் சுருங்க எல்லோரும் சின்னப் பெட்டியின் பக்கம் போனார்கள். அறுபதுகளிலிருந்து டிரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவானதால் சென்சிட்டிவிட்டியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 'பெரிய வாட்ஸ்தான் நல்ல செட்' என்ற எண்ணம் அங்கேதான் வேர்பிடித்தது என்று நினைக்கிறேன். ஏஆர் வகை ஸ்பீக்கரை வைத்திருந்தவருக்கு அது உண்மையும்கூட.

இம்பீடன்ஸ்தான் இடிக்கும் இடம்

சென்சிட்டிவிட்டி தப்பினால் சத்தம் குறையும், அவ்வளவுதான். இம்பீடன்ஸ் தப்பினால் ஆம்ப் சூடாகும், புரொடெக்‌ஷனில் போய் நிற்கும், பழைய ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

'8 ஓம்ஸ்' என்பது ஸ்பீக்கரின் பெயர் மாதிரி ஒன்றுதான். உண்மையில் ஒவ்வொரு அலைவரிசையிலும் அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். வூஃபர் தானாகவே அதிர விரும்பும் இடத்தில் 30, 40 ஓம்ஸ் என்று மேலே போகும். 150, 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓம்ஸ் என்று படுத்துவிடும். கிராஸ்ஓவர் (பேஸை வூஃபருக்கும் கீச்சுச் சத்தத்தை ட்விட்டருக்கும் பிரித்துக்கொடுப்பது) வரும் இடத்தில் மறுபடி ஏறும். சர்வதேசத் தரமான ஐஇசி 60268-5 சொல்வது, பெயரில் உள்ள எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கேயும் இறங்கக் கூடாது என்று. 8 ஓம்ஸ் என்று விற்றால் 6.4-க்குக் கீழே போகக் கூடாது. சந்தையில் '8 ஓம்ஸ்' என்று விற்கும் ஸ்பீக்கர்களில் 4 ஓம்ஸுக்குப் போய் வருபவை ஏராளம். நாணயமான கம்பெனிகள் 'குறைந்தபட்சம் 3.7 ஓம்ஸ்' என்று தனியாகவே எழுதிவிடுகின்றன. வாங்கும்போது தேட வேண்டியது அந்த வரியைத்தான். '8 ஓம்ஸ் கம்பாட்டிபிள்' என்ற வார்த்தையைப் பார்த்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். தொட்டியின் உயரம் வோல்டேஜ். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது ஓம்ஸ். ஓம்ஸ் குறைந்தால் குழாய் அதிகம் திறந்தது போல. தொட்டி பெரிதாகவும் வரும் பைப் தடிமனாகவும் இருந்தால் எத்தனை குழாய் திறந்தாலும் தண்ணீர் அதே வேகத்தில் விழும். அந்தத் தொட்டியும் பைப்பும்தான் ஆம்பின் கரன்ட் வலு. எண்ணில் சொன்னால், 8 ஓம்ஸில் 50 வாட்ஸ் கொடுக்க ஆம்ப் 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தள்ள வேண்டும். அதே வால்யூமில் ஸ்பீக்கர் 3 ஓம்ஸுக்கு இறங்கினால் 6.7 ஆம்பியர் கேட்கும். வோல்டேஜ் கொடுப்பது எல்லா ஆம்புக்கும் சுலபம். கரன்ட் கொடுக்கத்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர், தடித்த ஹீட் சிங்க் எல்லாம் வேண்டும், அதாவது காசு வேண்டும்.

ஆம்பிடம் இந்த வலு இருக்கிறதா என்பதை அதன் கையேட்டிலேயே பிடிக்கலாம். 8 ஓம்ஸில் 50, 4 ஓம்ஸில் 80 என்று இரண்டையும் கொடுத்திருந்தால் நல்ல அறிகுறி. 4-ல் சரியாக 100 என்றால் மின்சப்ளை இரும்பு. 4 ஓம்ஸ் பற்றி மூச்சே விடாமல், '6 ஓம்ஸ் முதல் 16 ஓம்ஸ் வரை' என்று மட்டும் பின்னால் எழுதியிருந்தால் அதற்கு 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். சில ரிசீவர்களில் 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். 4-க்குத் தள்ளினால் ஆம்புக்குப் பலம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான ரிசீவர்களில் அது உள்ளே வோல்டேஜைக் குறைத்து, சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. வாட்ஸும் அதோடு குறைந்துவிடும்.

இந்தக் கரன்ட் விஷயத்தை மலிவு ஆம்பில் செய்து காட்டியதால்தான் என்ஏடி 3020-க்கு இன்றும் பெயர். 1978-ல் வந்தது, வடிவமைத்தவர் நார்வேக்காரர் பியோர்ன் எரிக் எட்வர்ட்சன். எழுதியிருந்தது 20 வாட்ஸ் மட்டும். ஆனால் உச்சம் வரும் நொடிகளில் அதைவிட இரண்டு மடங்கு வரை கொடுக்கும், 2 ஓம்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரையும் தாங்கும். பெரிய எண் போட்டிருந்த எத்தனையோ ஆம்புகள் கடினமான ஸ்பீக்கரின் முன்னால் திணறியபோது இந்த 20 வாட்ஸ் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கக் கோடிக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், எண்பதுகளில் வந்த அபோஜி சின்டில்லா. ரிப்பன் ஸ்பீக்கர் (கோனுக்குப் பதில் மெல்லிய உலோகப் பட்டை அதிர்வது), 1 ஓம் இணைப்பிலும் ஓட்டலாம். சாதாரண ஆம்புக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அந்தக் காலத்தில் அதற்கு ஜோடி தேடியவர்கள் போய் நின்றது கிரெல் போன்ற, ஓம்ஸ் பாதியானால் வாட்ஸை அப்படியே இரட்டிப்பாக்கும் ராட்சச ஆம்புகளிடம்.

இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதற்கு பிபிசியின் எல்எஸ்3/5ஏ நல்ல சாட்சி. எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக பிபிசி பொறியாளர்கள் உருவாக்கியது. ஒரு அடி உயரம். ரோஜர்ஸ், ஸ்பெண்டார் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கித் தயாரித்தன. சென்சிட்டிவிட்டி 82, 83 டெசிபெல்தான், பரம சாது. ஆனால் ஆரம்பகால மாடல் 15 ஓம்ஸ், 2.83 வோல்ட்டில் அது இழுப்பது அரை வாட்டுக்குச் சற்று மேல். கரன்டே கேட்காது. எந்த ஆம்பில் மாட்டினாலும் ஆம்பை வதைக்காது, ஆனால் சத்தமும் ஒரு அளவுக்கு மேல் போகாது. பக்கத்தில் உட்கார்ந்து பாடகரின் குரலைக் கேட்பவருக்கு 25 வாட்ஸ் ஆம்போடு அது அருமையான ஜோடி. ஹாலில் நடனம் ஆட நினைப்பவருக்கு எந்த ஆம்போடும் ஆகாது.

நம் வீடுகளில் இம்பீடன்ஸ் தப்பு பெரும்பாலும் நடப்பது ஏ, பி ஸ்பீக்கர் ஸ்விட்சில். ஹாலுக்கு ஒரு ஜோடி, படுக்கையறைக்கு ஒரு ஜோடி என்று மாட்டி இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் பெரும்பாலான ஆம்புகளில் அவை பேரலல் ஆகும். 8-ம் 8-ம் சேர்ந்து 4. உண்மையில் 4-க்கு இறங்கும் '8' என்றால், சேர்ந்து 2. 'நாலு பாக்ஸ் மாட்டினேன், அரை மணி நேரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது' என்பதன் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு

டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஓமில் நூறில் சில பங்கு. வால்வ் ஆம்பில், அதுவும் ஒற்றை வால்வ் போட்டு ஏழெட்டு வாட்ஸ் கொடுக்கும் வகையில், அது 2 ஓம்ஸ் வரை இருக்கும். அப்போது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேடு பள்ளமெல்லாம் அப்படியே சத்தத்தில் தெரியும். ஸ்பீக்கர் 4 ஓம்ஸாக இருக்கும் இடத்தில் ஆம்ப் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் ஆம்பிலேயே நின்றுவிடும். 30 ஓம்ஸ் இடத்தில் ஏறக்குறைய முழுசும் போய்ச் சேரும். இரண்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல். யாரோ ஈக்வலைசரைத் திருப்பி வைத்த மாதிரிதான். வூஃபரின் மேடு பேஸில் இருப்பதால் பேஸ் கொஞ்சம் புஷ்டியாகும், அதைத்தான் பலர் 'வால்வ் சவுண்டின் கதகதப்பு' என்கிறார்கள். எல்லாக் கதகதப்பும் இதுதான் என்று சொல்ல மாட்டேன், பெரும்பங்கு இதுதான். ஒரு ஸ்பீக்கரில் சொக்கவைக்கும் வால்வ் ஆம்ப் இன்னொன்றில் மூக்கடைத்த மாதிரி இருப்பதற்கும் இதே காரணம். வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் 90 டெசிபெல்லுக்கு மேல், இம்பீடன்ஸ் அதிகம் ஆடாத ஸ்பீக்கராகப் பார்த்து எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் 4, 8 ஓம்ஸ் முனைகள் இரண்டிலும் மாட்டிக் கேட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

மலிவு கிளாஸ் டி ஆம்புகளிலும் இதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. அவற்றின் கடைசியில் இருக்கும் ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட ஓம்ஸுக்குக் கணக்குப் போட்டது. ஸ்பீக்கர் அதற்கு மேலே இருந்தால் உச்சி டிரெபிள் ஓரிரு டெசிபெல் ஏறும், கீழே இருந்தால் மங்கும். ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும் நல்ல ஆம்புகளில் இது இல்லை.

ட்விட்டர் எப்படிச் சாகிறது

"100 வாட்ஸ் ஸ்பீக்கர்தானே, என் ஆம்ப் 30 வாட்ஸ்தான், எப்படி ட்விட்டர் போச்சு?" இது பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல். 30 வாட்ஸ் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு சதுரமாகிறது. முழுக்கச் சதுரமான அலையில் இரண்டு மடங்கு பவர் இருக்கும். பேஸ் எல்லையில் முட்டி நின்றுவிட்டதால், இன்னும் திருகத் திருக ஏறுவது மேல் அலைகள் மட்டுமே. 100 வாட்ஸ் ஸ்பீக்கருக்குள் இருக்கும் ட்விட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான், ஏனென்றால் சாதாரணப் பாட்டில் அதன் பங்கு அவ்வளவுதான். அதனால் ஸ்பீக்கரில் எழுதியதைவிட ஆம்ப் பெரிதாக இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுச் சத்தம் கேட்பதில்தான் ஆபத்து.

அறையும் ஜோடியில் சேர்த்தி

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இதுதான் பாட்டறை. பத்தடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸும், பன்னிரண்டடியில் 47 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதி எழும்பி நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை வெறுமனே தட்டினால் 55 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் அந்த ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் மட்டும் 'உம்ம்' என்று அறை முனகினால் குற்றம் ஆம்பில் இல்லை. இந்த அறைக்கு 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஆளுயர டவர் வாங்கிப் போடுவது வினையை விலைக்கு வாங்குவது. ஐந்தரை, ஆறரை அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் போதும். 55, 60-க்குக் கீழே அது இயல்பாகவே குறைவதை அறை நிரப்பிவிடும். சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் பின்பக்கம் ஓட்டை உள்ளதை விட்டு, முன்பக்கம் ஓட்டை உள்ளதையோ முழுக்க அடைத்த பெட்டியையோ பாருங்கள். ஏற்கெனவே பின் ஓட்டை ஸ்பீக்கர் வாங்கியாயிற்றா? ஒரு ஸ்பாஞ்சை அதில் திணித்துக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்கும் வரிசை என்று கேட்டால், முதலில் அறை, அதற்கு ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கருக்கு ஆம்ப். கையில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால் அதன் 4 ஓம்ஸ் கணக்கைப் பார்த்து ஸ்பீக்கர். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்புகளை அவற்றின் எல்லைக்குள் ஓட்டினால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒயருக்கென்று தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் போட்டால், போய்வர மொத்தம் 0.12 ஓம்தான்.

செகண்ட் ஹேண்டில் பழைய ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஸ்பீக்கர் முனைகளில் வைத்தால் 8 ஓம்ஸ் என்பது ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், 4 ஓம்ஸ் மூன்று, மூன்றரை காட்டும். லேபிள் பிய்ந்துபோயிருந்தாலும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எதுவுமே காட்டவில்லை என்றால் வாய்ஸ் காயிலோ கிராஸ்ஓவரோ அறுந்திருக்கிறது. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கடலோர ஈரத்தில் அது பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் என்றால் தாங்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் பேஸ் காணாமல் போய், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பரவலாக மிதந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு பென்டார்ச் செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் டப்பென்று வூஃபர் கோன் வெளியே தள்ளும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் உள்ளே போகும், அந்தக் காலத்தில் அவர்கள் வழக்கம் அப்படி. எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை, இடது, வலது இரண்டும் ஒரே பக்கம் போனால் சரி.